நாற்பது நிமிஷச் சீட்டு

துணிக்கடையின் முதல் மாடியில், உடை போட்டுப் பார்க்கும் அறைகளுக்குப் பக்கத்தில், ஆல்டரேஷன் மாஸ்டரின் மேஜை. ஒரு தையல் மெஷின், ஒரு இஸ்திரிப் பெட்டி, எதிரே நீளமாய் ஒரு பெஞ்சு. தலைக்கு மேல் கட்டிய கயிற்றில் கிளிப் மாட்டிய சீட்டுகள். யார் முதலில் வந்தார் என்பதெல்லாம் அந்தக் கயிற்றுக்குத் தெரியாது; எந்த வேலைக்கு எத்தனை நிமிஷம் என்பதுதான் தெரியும். குறைந்த நிமிஷச் சீட்டு இடது ஓரத்தில் தொங்கும். மாஸ்டர் அதைத்தான் முதலில் எடுப்பார். புதுச் சீட்டு வந்தால் அதற்குரிய இடத்தில் செருகுவார்.

"நான்தானே மொதல்ல வந்தேன்?" என்று யாராவது எகிறினால் போதும், கத்தரியைக் கீழே வைத்துவிட்டுக் கணக்குச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

"சார், உங்க கோட்டு நாப்பது நிமிஷம். அவரோட பட்டன் ரெண்டு நிமிஷம். உங்களை மொதல்ல முடிச்சா நீங்க நாப்பது, அவர் நாப்பத்திரெண்டு. ஆக மொத்தம் எம்பத்திரெண்டு நிமிஷம் காத்திருப்பு. அவரை மொதல்ல அனுப்பினா ரெண்டும் நாப்பத்திரெண்டும் நாப்பத்திநாலுதான். உங்களுக்கு ரெண்டே ரெண்டு நிமிஷம்தானே கூடுது?"

கோட்டுக்காரர் திரும்பிப் போய்ப் பெஞ்சில் உட்காருவார். பெஞ்சு மளமளவென்று காலியாகும். மாஸ்டர் ஒரு நாட்டையே ஆண்டு முடித்தவர் மாதிரி நிமிர்ந்து உட்காருவார். சின்ன வேலைகள் வந்துகொண்டே இருந்தால் வலது ஓரத்துச் சீட்டுக்கு விடிவே இல்லை என்பது அவருக்கும் தெரியும். அதைப் பற்றி அவராக வாய் திறந்ததில்லை.

மனைவிக்கு மருத்துவமனையில் பிற்பகல் வேலை. அதனால் ஒன்பது வயது மகள் பள்ளி விட்டதும் நேரே கடைக்கு வந்து பெஞ்சில் உட்காருவாள். ஒருநாள் அவளே ஒரு சீட்டு எழுதி நீட்டினாள்: "அப்பாகிட்ட பேசணும். 40 நிமிஷம்."

மாஸ்டர் சிரித்துக்கொண்டே அதை முறைப்படி வலது ஓரத்தில் மாட்டினார். ஜிப் வந்தது, பேன்ட் மடிப்பு வந்தது, பட்டன் வந்தது. கடை சாத்தும்போது அவள் புத்தகப் பையில் தலைவைத்துத் தூங்கிவிட்டிருந்தாள். "நாளைக்குப் பேசலாம் கண்ணு" என்று தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். அந்த 'நாளைக்கு' வரவேயில்லை.

அதற்குப் பிறகுதான் அவளுடைய பள்ளிச் சட்டையில் பட்டன் விழ ஆரம்பித்தது. வாரத்துக்கு மூன்று தடவை.

"உன் சட்டையில மட்டும் பட்டன் நிக்கவே மாட்டேங்குதேம்மா!"

இரண்டு நிமிஷ வேலை. உடனே அவள் முறை வந்துவிடும். அவர் முழங்காலை ஒட்டி நின்று, பள்ளியில் நடந்ததையெல்லாம் மூச்சு விடாமல் கொட்டுவாள். அவர் நூலைக் கத்தரித்ததும் கதை பாதியில் நிற்கும். பெஞ்சுக்குப் போய்விடுவாள். அந்த நாட்களில்தான் அவருடைய குட்டிக் கத்தரியும் காணாமல் போனது. கடையில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரையும் சந்தேகப்பட்டார்.

இப்போது மாஸ்டர் ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறார். மகள் தூர தேசத்தில், ஒரு மருத்துவமனையின் மருந்துப் பிரிவில் வேலை. "ரெண்டே நிமிஷம்தாம்ப்பா, சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா?" என்பாள். இவர் தொண்டையைச் செருமுவதற்குள் போன் அடங்கிவிடும். அவள் குரலை ஆசை தீரக் கேட்க வேண்டும் என்று அவருக்கு ஏக்கமாக இருந்தது. அதை மனைவியிடம் சொல்லியும் விட்டார்.

"எல்லாம் நீங்க போட்ட வரிசைதான். பொண்ணு நல்லாவே கத்துக்கிட்டா" என்றாள் அவள்.

ஒருநாள் அலமாரியைச் சுத்தம் செய்யும்போது மகளின் பழைய ஜாமெட்ரி பாக்ஸ் கிடைத்தது. உள்ளே அந்தக் குட்டிக் கத்தரி. அதைச் சுற்றி வெள்ளை நூல் துணுக்குகள், ஒவ்வொன்றிலும் அவர் போடும் இரட்டை முடிச்சு. அவர் போட்ட முடிச்சு தானாக அவிழ்ந்ததாகச் சரித்திரமே கிடையாது. மாஸ்டர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் அவரே போன் செய்தார். "போன்ல எழுத்தைப் பெருசாக்கறது எப்படிம்மா?" அவள் உடனே சொல்லிக்கொடுத்தாள். அடுத்த நாள், அலாரம் வைப்பது எப்படி? அதற்கடுத்த நாள், படம் அனுப்புவது எப்படி? எல்லாமே அவருக்கு அத்துப்படி. அவள் விளக்கி முடிக்கும்வரை அந்தக் குரல் இருக்குமே!

மூன்றாம் நாள் அவள் பாதியில் நிறுத்தினாள்.

"அப்பா, போன மாசம் நீங்கதானே எனக்குப் படம் அனுப்பினீங்க?"

மாஸ்டர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"என்னை மாதிரி நீங்களும் பட்டனை வெட்டிட்டீங்களாப்பா?"

"ஆமாம்மா. உன் கத்தரி கெடைச்சுது."

அந்தப் பக்கம் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "அப்புறம் வரேன்" என்று அவள் சொல்வதும், கதவைச் சாத்துவதும் கேட்டது.

"சொல்லுங்கப்பா. நாப்பது நிமிஷம் இருக்கு."

இத்தனை நாள் சேர்த்து வைத்திருந்ததில் ஒன்றுகூட அவர் நினைவுக்கு வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நீ சொல்லும்மா. அன்னைக்குச் சீட்டு எழுதிக் குடுத்தியே, என்ன பேசணும்னு இருந்தே?"