கடைசி நான்கு நாடகங்கள்

மானாம்பதியில் வாழ்ந்து மறைந்த ஒரு நாடகாசிரியரின் மொழிநடைதான் என் முனைவர் பட்ட ஆய்வு. அவர் எழுதிய பதினான்கு நாடகங்களையும் ஆறு வருடம் பென்சிலும் கையுமாகப் படித்தேன். உத்திரமேரூரில் பள்ளி வேலை முடிந்ததும் அதே வேலைதான்.

என் பள்ளித்தோழி கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள். அவள் அப்பாவுக்கு பஜாரில் பாத்திரக்கடை. வீட்டிலிருந்தே வேலை செய்துகொண்டிருந்தவள், "உன் நாடகத்தையெல்லாம் குடு, சும்மா எண்ணிப் பாக்கறேன்" என்று கேட்டாள். தட்டச்சு செய்து வைத்திருந்ததைக் கொடுத்தேன்.

பத்தே நாளில் வந்து நின்றாள்.

"கடைசி நாலும் வேற ஆளு எழுதினா மாதிரி கீதுடி."

"வயசானா நடை மாறும்" என்றேன்.

"அப்படின்னா கொஞ்சம் கொஞ்சமாத்தானே மாறணும்? இது ஒரேடியா மாறுது. பெரிய வார்த்தைய வுடு. 'கூட', 'தான்', 'அப்புறம்'னு சின்னச் சின்ன வார்த்தைங்கள எண்ணினேன். அத யாரும் யோசிச்சுப் போடறதில்ல, ஆளுக்கு ஆள் அளவு மாறும். அதுலதான் மாட்டிக்கினாரு."

வயிறு எரிந்தது. தமிழில் கடைசியாக அவள் படித்தது பிளஸ் டூ பாடப்புத்தகம். அவள் கணக்கு தப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே நான்கு நாள் உட்கார்ந்து கையால் எண்ணினேன். தப்பவில்லை.

அந்த நான்கு நோட்டுகளிலும் கையெழுத்து வேறு என்பது எனக்கு முன்பே தெரியும். அவர் சொல்ல மனைவி எழுதியது என்று நானே அடிக்குறிப்பும் போட்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தோழியின் ஸ்கூட்டியில் இருவரும் மானாம்பதிக்கு அந்த அம்மாவைப் பார்க்கப் போனோம். எப்படி ஆரம்பிப்பது என்று நான் தடுமாறிக்கொண்டிருக்கும்போதே தோழி நேராகக் கேட்டுவிட்டாள்: "கடைசி நாலும் நீங்க எழுதினதாம்மா?"

அந்த அம்மா சிரித்தார். "அவருக்குக் கை நடுக்கம் வந்துட்சி. அவரு சொல்லுவாரு, நான் எழுதிக்கினு இருப்பேன். அப்பால அவரு சொல்றத வுட்டுட்டாரு. நான் எழுதறத வுடல."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியேம்மா?" என்றேன்.

"நீ எங்க கேட்ட? வருவ, நோட்ட எடுத்துப்ப, அவரப் பத்தியே கேட்டுட்டுப் போயிடுவ."

உள்ளே போய், யாரும் பார்த்திராத தன் ஐந்தாவது நாடகத்தைக் கொண்டுவந்து தோழியின் கையில் கொடுத்தார். ஆறு வருடம் அந்த வீட்டில் காபி குடித்தவள் நான்.

திரும்பி வந்து என் வீட்டு வாசலில் இறங்கியதும் தோழி அந்த நோட்டை என்னிடம் நீட்டினாள். "எனக்கு எண்ணத்தான் தெரியும். நீ படிச்சு எப்படி இருக்குன்னு சொல்லு."

வாங்கிக்கொண்டேன். அன்றிரவே படிக்க உட்கார்ந்தேன். முதல் காட்சியிலேயே மருமகள் பேசும் பேச்சில் வாய்விட்டுச் சிரித்தேன். ஆய்வில் அந்த நான்கு நாடகங்களின் அத்தியாயத்தை அந்த அம்மாவின் பெயரில் புதிதாக எழுதினேன். கண்டுபிடித்தவள் தோழி என்ற வரியை மட்டும் இரண்டு முறை எழுதி அழித்துவிட்டு, மூன்றாம் முறைதான் விட்டுவைத்தேன்.