ஆம்பூர் நிலையத்தில் ஒரு கறுத்த கட்டி

ஆம்பூர் நிலையத்தில் காட்பாடி வண்டி நிற்கிறது. மேடையெங்கும் உப்புப் போட்ட பச்சைத் தோலின் வாடை. ஐந்து சுமைக்காரர்கள் தோல் கட்டுகளைப் பிடரியில் வைத்துச் சுமந்து வருகிறார்கள். அவர்களில் ஒருவரை ஒரு நர்ஸ் நிறுத்தியிருக்கிறார். அந்தச் சுமைக்காரரின் பிடரியில் காலணா அளவு கட்டி ஒன்று, நடுவில் கரியாய்க் கறுத்திருக்கிறது.

"யார் அந்தம்மா?" என்று பக்கத்தில் நிற்கும் போர்ட்டரைத் தயங்கிக் கேட்கிறேன்.

"தோல் மண்டியில மூட்டை தூக்கினவரு பொண்ணுங்க. படிக்க உபகாரச் சம்பளம் குடுத்து சீமைக்கு அனுப்பினாங்க. தோல்ல இருந்து வர்ற வியாதியப் படிச்சிட்டு வந்திருக்குது. துரைசானியாட்டம் வந்து எறங்கும்னு பார்த்தோம். இது எங்க கழுத்தப் பார்த்துக்கினு நிக்குது."

"வலியே இல்லம்மா. வலிச்சா வர்றேன்" என்கிறார் சுமைக்காரர்.

"இது வலிக்காதுண்ணா. வலிக்காமலே ஆளக் கொண்டு போயிடும். இப்பவே என்கூட வேலூர் ஆஸ்பத்திரிக்கு வாங்க. அந்தத் துண்ட இங்கயே போட்டுடுங்க. தோலும் அதுமேலதான், மூஞ்சி தொடைக்கிறதும் அதுலதானா?"

"துண்டில்லாம வேலூர்ல எப்டிம்மா நடப்பேன்?"

வண்டி ஊதுகிறது. சுமைக்காரர் துண்டை எடுத்துக் கீழே போட்டுவிட்டு, வெறும் தோளைக் கைகளால் மூடியபடி ஏறுகிறார். நர்ஸும் ஏறுகிறார்.

வண்டி போன பிறகு, கட்டுகளைத் தூக்கச் சொல்லிச் சுமைக்காரர்களின் மேஸ்திரி சத்தம் போடுகிறார். மீதி நால்வரும் கட்டுகளைத் தொடவில்லை. ஒருவர் குனிந்து நிற்க, இன்னொருவர் அவருடைய பிடரியை உற்றுப் பார்க்கிறார்.