நோன்பு இல்லாத ரமலான்

பூந்தமல்லியில் கீழே என் கணவரின் தையல் கடை, மாடியில் வீடு. ஒரு மதியம் சாப்பிட ஏறி வந்தவர் பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாங்க ஆச்சு?"

"ஒண்ணுமில்ல சபியா, காலு வலிக்குது."

காலாவது, வலியாவது! மூச்சு விசிலடித்தது எனக்குக் கேட்காதா?

சோதனைகள் முடிந்ததும் டாக்டர் சி.ஓ.பி.டி. (காற்றுக்குழாய்கள் சுருங்கி நுரையீரல் பழுதாகும் நோய், பழுதானது திரும்பச் சரியாகாது) என்றார். "சிகரெட்டை விட்டுடுங்க பாய்."

"அத்த மட்டும் கேக்காதீங்க டாக்டர்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அங்கேயே கத்தியிருப்பேன். டாக்டர் கோபப்படவில்லை. "சரி, மொதல்ல கொறைங்க. அதோட நின்னுடக் கூடாது, விடறதுக்கு அது ஒரு படி. நோன்புல என்ன பண்ணுவீங்க?"

"பகல்ல தொடவே மாட்டேன்."

"அப்ப உங்களால முடியுதே!"

அந்த ஒரு வார்த்தையை நான் பிடித்துக்கொண்டேன். சிகரெட்டுக்கு மட்டும் வருஷம் முழுக்க அவரை நோன்பு வைக்கவைத்தால் பிழைத்துவிடுவார் என்று நம்பினேன். பாக்கெட் என் பீரோவுக்குள் போனது. மதியத் தொழுகைக்கு முன்னால் கிடையாது, கேட்டால் ஒன்றுதான். ஒரு நாளைக்கு இருபது பிடித்தவர் எட்டுக்கு வந்தார். மகளுக்குப் போன் போட்டு, "உங்க அத்தா எட்டுதான்டி இப்ப!" என்று பீற்றிக்கொண்டேன்.

பிறகுதான் அவர் பிடிக்கும் விதத்தைக் கவனித்தேன். முன்பெல்லாம் கடை வாசலில் பேச்சு வாக்கில் பாதி தானே எரிந்துபோகும். இப்போது கன்னம் குழிய இழுத்து, கண்ணை மூடி, புகையை உள்ளேயே அடக்கிவைக்கிறார். பஞ்சுவரை விடுவதில்லை. இருபதையும் எட்டுக்குள்ளேயே இழுத்துக்கொண்டிருந்திருக்கிறார், பாவி மனுஷன். என்னைப் போல எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

டாக்டர் நிகோடின் சூயிங்கம் (புகையில்லாமல் ஏக்கத்தைத் தணிக்கும் மருந்து) எழுதிக்கொடுத்தார். இரண்டு நாள் மென்றுவிட்டு, "செருப்ப மெல்ற மாரி கீது" என்று துப்பிவிட்டார்.

இந்த ரமலானுக்கு முன் மூச்சுத் திணறி ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். இனி வேளாவேளைக்கு மருந்து, நோன்பு கூடாது என்றார் டாக்டர். நோயாளிக்கு விலக்கு உண்டு என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் சொன்னார். வருஷத்தில் ஒரு மாதம், பகலில் மட்டும் அந்த நுரையீரலுக்குக் கிடைத்துவந்த ஓய்வையும் நோயே பிடுங்கிக்கொண்டது.

முதல் நோன்பன்று மதியம் வந்து நின்றார். "சபியா, ஒண்ணு குடு."

"ரமலான் பகல்லயா? அல்லாவுக்குப் பயப்பட மாட்டீங்களா?"

"எனக்குத்தான் நோன்பு இல்லியே." சொல்லும்போதே அழுதுவிட்டார். "நோன்பு இருந்தா கேட்டிருக்க மாட்டேன். இப்ப நான் எத்தப் புடிச்சிக்கினு இருக்கறது?"

பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் புகையை அடக்கிவைத்திருந்த நேரம் முழுக்க நானும் மூச்சு விடாமல் நின்றிருக்கிறேன். நெஞ்சு வலித்த பிறகுதான் தெரிந்தது. இப்போதெல்லாம் எனக்கு அப்படித்தான் ஆகிறது.

அன்று மாலை அவர் அசந்து தூங்கினார். பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே காத்துக்கொண்டிருந்தேன். தெருவே நோன்பு திறந்து முடித்திருந்தது. பள்ளிவாசலில் பாங்கு சொன்னது என் காதில் விழவே இல்லை. விடிந்ததிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காதவள் நான், தாகமும் தெரியவில்லை.