ஒட்டவைத்த குளவிக் கூடு

அலமாரி நிறைய அறிவியல் புத்தகம் வைத்திருக்கும் நான், ஐம்பத்து நான்கு வயதில், உடைத்த குளவிக் கூட்டைப் பசை போட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். என் மேல் மரியாதை ஏதும் வைத்திருப்பவர்கள் அதை இங்கேயே இறக்கி வைத்துவிடலாம்.

கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து உண்டாகியிருந்த மகள், ஏழாம் மாதத்தில் திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் படுக்கும் அறையில், சுவிட்ச் போர்டுக்கு மேலே, ஒரு குளவி மண் உருட்டி வந்து கூடு கட்டியது. என் மனைவிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. புள்ளத்தாச்சி இருக்கிற வீட்டைத்தான் குளவி தேடி வரும் என்பார்கள் எங்கள் பக்கம்.

"யாரும் அதுல கை வைக்கக் கூடாது, ஆமா. கலைச்சா வயித்துல இருக்கதுக்கு ஆகாது" என்றாள், என்னை மட்டும் பார்த்து.

இது தனியாகத் திரியும் சாதி, சும்மா இருப்பவரைக் கொட்டாது என்று படித்திருக்கிறேன். பச்சைப் புழுவைக் கொட்டி, உயிர் போகாமல் மரத்துப்போக வைத்து, குஞ்சுக்கு இரையாகக் கூட்டில் அடைக்கும். இதன் பங்காளி ஒன்று சிலந்தியை அடைக்கும். இவ்வளவும் தெரிந்தவன், மகளைக் கொட்டிவிடுமோ என்ற பயத்தில், அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து ஸ்க்ரூடிரைவரால் கூட்டை நெம்பிவிட்டேன். நான்கு புழுக்கள் விழுந்தன. ஒன்று மெல்ல நெளிந்தது.

சற்று நேரத்தில் குளவி திரும்பியது. காலில் புழுவை இடுக்கிக்கொண்டு, வெறும் சுவரில் அதே இடத்தைச் சுற்றிச் சுற்றித் தேடியது. நான் கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன்.

பதினோரு மணிக்கு மகள் வந்து நின்றாள்.

"அப்பா, காலையிலருந்து புள்ள அசையவே இல்லப்பா."

மனைவி ஆட்டோ பிடிக்க ஓடினாள். நான் குப்பைக்கூடைக்கு ஓடினேன். மண் துண்டுகளைப் பொறுக்கி, புழுக்களை உள்ளே திணித்து, பசை போட்டுப் பழைய இடத்திலேயே ஒட்டினேன்.

"அங்க என்னங்க பண்றீங்க?" என்று வாசலிலிருந்து மனைவி கத்தினாள்.

"சாவியத் தேடுறேன், இந்தா வாரேன்!"

ஸ்கேன் அறைக் கதவு சாத்தியே கிடந்தது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்ற மனைவியைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். ஒன்பது வருடத்தை ஒரு ஸ்க்ரூடிரைவரில் முடித்துவிட்டேனா?

நர்ஸ் எட்டிப் பார்த்தார். "துடிப்பு நல்லா இருக்கு. புள்ள தூங்கியிருக்கு, அம்புட்டுத்தான்."

மனைவி உள்ளே ஓடினாள். நான் பெஞ்சிலேயே சரிந்தேன். நர்ஸ் வந்து என் பிரஷரைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"சார், ஒங்க மக நல்லாத்தான் இருக்கு. நீங்க செத்த நேரம் பேசாம படுங்க. ரெண்டு பேருக்குப் பிரசவம் பாக்க இங்க ஆள் இல்ல."