பதினோரு வண்டிக்கும் கறுப்பு வயர்

மணிவேல் கைவைத்த வண்டி என் பட்டறைக்கு வந்தால் அன்று எனக்கு மதியச் சாப்பாடு இறங்காது. கீழ்பென்னாத்தூரில் வண்டிகளுக்கு எலக்ட்ரிகல் வேலை பார்க்கிறவர். நாற்பது வயது, ஒல்லி, அதிகம் பேசமாட்டார். மணிவேல் என்பது நானாக வைத்த பெயர். ஏன் மாற்றினேன் என்பது படித்தால் தெரியும். என் பெயர் தௌஹீத். திருவண்ணாமலையில் இருபது வருடமாக அதே வேலையைத்தான் நானும் பார்க்கிறேன்.

மனிதர் கறுப்பு வயரைத் தவிர வேறு வயரே வாங்கமாட்டார். பிரேக் லைட்டுக்குக் கறுப்பு, இண்டிகேட்டருக்குக் கறுப்பு, எர்த்துக்கும் கறுப்பு. கம்பெனிக்காரன் வயருக்கு வயர் நிறம் மாற்றிக் கொடுப்பது என்ன, அழகுக்கா? கேட்டால், "கடையில அதான் இருந்துச்சி பாய்" என்பார். ஆறு வருடமாக ஒரு கடையில் ஒரே நிறம்தான் இருக்குமா? போதாக்குறைக்கு வயர் நுனிகளில் சைக்கிள் டியூபை வெட்டிய சின்னச் சின்ன வளையங்கள் வேறு. உராயாமல் இருக்கப் போட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். ஒருமுறை அவருடைய வயரிங்கைப் படம் பிடித்து எங்கள் எலக்ட்ரீஷியன் வாட்ஸ்அப் குழுவில் போட்டுக் கிண்டல் செய்தேன். அவரும் அந்தக் குழுவில் இருக்கிறார். கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலாகப் போட்டார். அதைப் பார்த்ததும் இன்னும் எரிச்சலாகிவிட்டது.

போன ஜூன் மாதம் ஒரு பள்ளிக்கூட வேன் வந்தது. அந்தப் பள்ளியின் பதினோரு வேன்களுக்கும் எல்.இ.டி. லைட் மாட்டிக்கொடுத்தது மணிவேல்தான். மூன்று வருடமாக அந்த வண்டிகளை வைத்துத்தான் அவர் குடும்பம் ஓடுகிறது. இந்த வேன் மட்டும் முந்தைய வாரம் ஆர்.டி.ஓ. ஆபீஸில் எஃப்.சி. சோதனையில் பாஸ் ஆகாமல் நின்றுபோனது. பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் எரிகிறது. இண்டிகேட்டரைப் போட்டால் பின்னால் இருக்கிற எல்லா லைட்டும் சேர்ந்து கண்ணடிக்கிறது. வண்டிகளைக் கவனிக்கிற சந்திரகலா மேடம் காலை ஒன்பது மணிக்கு வேனோடு வந்து இறங்கினார்.

"மத்தியானம் மூணு மணிக்கு மறுபடியும் எஃப்.சி. பாய். இன்னிக்கும் நின்னுச்சின்னா மணிவேல் இனிமே வேணாம்னு கரஸ்பாண்டன்ட் சொல்லிட்டாரு. பதினோரு வண்டியும் உங்களுக்குத்தான்."

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். இல்லை என்று சொன்னால் பொய். 'இந்த ஆளுக்கு இது வேண்டியதுதான்' என்றுகூட நினைத்தேன்.

பின்பக்க மூடியைக் கழற்றினால் கறுப்பாகக் குடல் மாதிரி வந்து விழுந்தது. வயரை இடம் மாற்றி மாட்டியிருக்கிறார், வேறு என்ன இருக்கப்போகிறது என்று எல்லாவற்றையும் கனெக்டரிலிருந்து உருவினேன். உருவும்போது அந்த டியூப் வளையங்கள் இடைஞ்சலாக இருந்தன. கத்தரியை எடுத்து எல்லாவற்றையும் வெட்டிப் பெருக்கித் தள்ளினேன். அதற்குப் பிறகு மீட்டரை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேட ஆரம்பித்தால், எது தேடியது எது தேடாதது என்று எனக்கே தெரியவில்லை. பதினொன்றரை ஆகிவிட்டது. வியர்வை கண்ணில் இறங்குகிறது. போனை எடுத்து மணிவேலுக்குப் போட்டேன்.

"யோவ், மனுசன் பண்ற வேலையாய்யா இது? உடனே கெளம்பி வா!"

அரை மணி நேரத்தில் பைக்கில் வந்துவிட்டார். வந்ததும் வண்டிக்கு அடியில் கையை விட்டார். கண் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, விரல் மட்டும் வயரைத் தடவுகிறது. சட்டென்று கை நின்றது.

"பாய், வளையமெல்லாம் எங்க?"

"அந்தக் குப்பையா? வெட்டிப் போட்டுட்டேன்."

அவர் முகம் செத்துப்போனது. "ஒண்ணு இருந்தா பார்க்கிங், ரெண்டு இருந்தா லெஃப்ட்டு, மூணு ரைட்டு, நாலு பிரேக்கு. அதவெச்சித்தான் பாய் நான் எல்லாம் பாப்பேன்."

முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? நானும் கேட்கவில்லைதான். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் இளவரசனைச் சாப்பிட அனுப்பிவிட்டு, நான் டேஷ்போர்டுக்கு அடியில் படுத்தேன். முன்னாலிருந்து ஒவ்வொரு வயராகக் கரண்ட் கொடுத்து நான் கத்துவது, பின்னால் பல்பு டெஸ்டர் எந்த வயரில் எரிகிறதோ அதில் அவர் கலர் டேப் சுற்றுவது என்று ஏற்பாடு. பிரேக்குக்குச் சிவப்பு, லெஃப்ட்டுக்குப் பச்சை, ரைட்டுக்கு மஞ்சள், பார்க்கிங்குக்கு வெள்ளை. அரை மணி நேரம் தொண்டை கிழியக் கத்திவிட்டுப் பின்னால் போய்ப் பார்த்தால், பிரேக் வயரில் பச்சை டேப் சுற்றியிருக்கிறது, லெஃப்ட் வயரில் சிவப்பு.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "பச்சைக்கும் செவப்புக்கும் வித்தியாசம் தெரியாத குருடனாய்யா நீ?"

துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, "ஆமா பாய்" என்றார்.

கிண்டல் செய்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. ரயில்வேயில் வேலைக்கு எழுதிப் பாஸ் செய்தாராம். மெடிக்கலில் புள்ளி புள்ளியாக இருக்கிற ஒரு புத்தகத்தைக் காட்டி உள்ளே என்ன நம்பர் என்று கேட்டார்களாம். இவருக்குப் புள்ளிதான் தெரிந்தது, நம்பர் தெரியவில்லை. அன்றைக்குத்தான் தனக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிந்ததாம். அப்புறம் வேர்க்கடலைக் காட்டில் இரண்டு வருடம் அப்பாவோடு கிடந்து, மச்சானுடைய பட்டறையில் இந்த வேலைக்கு வந்தார். கலரில் ஏமாந்து ஒரு வண்டியே எரிந்துபோகப் பார்த்த பிறகு, எல்லாம் கறுப்பு, அடையாளத்துக்கு வளையம் என்று தானாகவே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டார்.

"வெளிய சொன்னா எவன் பாய் வண்டி குடுப்பான்? எலக்ட்ரீஷியனுக்குக் கலர் தெரியாதுன்னா நீங்களே குடுப்பீங்களா?"

குழுவில் நான் போட்ட அந்தப் படம் ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது. பக்கத்துப் பஞ்சர் கடையில் ஒரு பழைய டியூப் வாங்கிவந்து நானே உட்கார்ந்து வளையம் வெட்டிக்கொடுத்தேன். மறுபடி நான் கத்த, அவர் கோக்க, ஒரே ஒரு தப்புகூட இல்லாமல் இருபது நிமிடத்தில் முடிந்தது. எல்லாவற்றையும் மாட்டிப் பிரேக்கை மிதித்தேன்.

இண்டிகேட்டர் எரிந்தது.

ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. மணி இரண்டு. மணிவேல் மறுபடி வண்டிக்கு அடியில் போனார். பின்பக்க எர்த் வயர் பாடியில் சேருகிற போல்ட்டைக் கழற்றி, அந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

"பாய், இங்க வழவழன்னு இருக்குது. தகரம் இப்படி இருக்காது."

டார்ச் அடித்துப் பார்த்தேன். மஞ்சள் பெயின்ட். எஃப்.சி.க்கு வண்டி போகிறது என்றால் இந்த ஊரில் முதல் வேலையாகப் பெயின்ட் அடித்துவிடுவார்கள். அடித்தவன் போல்ட்டைக் கழற்றி, அடியிலும் நன்றாகப் பூசி, மேலே திரும்ப மாட்டியிருக்கிறான். நடுவில் பெயின்ட் இருந்தால் கரண்ட் பாடிக்கு இறங்காது. எர்த் கிடைக்காத கரண்ட் கிடைத்த லைட் வழியாகவெல்லாம் போயிருக்கிறது. பழைய பல்பாக இருந்தால் லேசாக மினுங்கியிருக்கும், எல்.இ.டி.க்குக் கம்மி கரண்ட் போதும், பளிச்சென்று எரிந்து தொலைத்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டினோம். பிரேக் தனியாக எரிந்தது, இண்டிகேட்டர் தனியாக அடித்தது.

சந்திரகலா மேடம் இரண்டரைக்கு வந்தார். திறந்து கிடந்த வயர்களைப் பார்த்தார்.

"எல்லாம் கறுப்பாவே இருக்குதே பாய். இதானே பிரச்சன? இப்படி ஏன் போட்டாருன்னு கேளுங்க."

மணிவேல் பைக் பக்கம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு வரி நான் சொன்னால் போதும். பதினோரு வண்டியும் என் பட்டறை வாசலில் நிற்கும். அந்த வரி நாக்கு நுனிவரை வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"கறுப்பு பிரச்சன இல்லீங்க மேடம். வளையம் போட்டு அடையாளம் வெச்சிருந்தாரு, அது அவரு முறை. எர்த்துல பெயின்ட் அடிச்சிட்டாங்க, தப்பு அதான். காலையில விசயம் தெரியாம எல்லாத்தையும் வெட்டிக் கெடுத்தது நான்."

மேடம் வாட்சைப் பார்த்தார். "பாஸ் ஆவட்டும், பாப்போம்" என்று வேனில் ஏறினார்.

நானும் மணிவேலும் பட்டறையில் உட்கார்ந்திருந்தோம். டீ வாங்கிக் கொடுத்தேன், ஆறிப்போனது. நான்கு மணிக்கு இளவரசன் போன் செய்தான். வண்டி பாஸ். மற்ற வண்டிகளையும் எப்போதும்போல மணிவேல் அண்ணனிடமே விடச் சொல்லி மேடம் சொன்னார்களாம்.

மணிவேல் கண்ணை மூடித் திறந்தார். எழுந்து, பையைப் பைக்கில் மாட்டி, கிக்கர் மேல் காலை வைத்துக்கொண்டு சொன்னார்:

"பாய், அடுத்த வாட்டி வெட்டறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணுங்க."

அவ்வளவுதான். பதினோரு வண்டியை விட்டுக்கொடுத்தவனுக்கு ஒரு நன்றிகூட இல்லையா என்று ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. விட்டுக்கொடுக்க அது என்னுடையதாக இருந்தால்தானே!

"பண்றேன்" என்றேன்.