மொட்டை மாடி தந்த பாதி வீச்சு

சிலம்பத்தை நான் யாரிடமும் நேரில் கற்றதில்லை. காரைக்காலில் நான் குடியிருக்கும் வாடகை வீட்டின் மொட்டை மாடியில், சுவரில் சாய்த்துவைத்த கைப்பேசியைப் பார்த்து, இரண்டு ஆண்டுகள் தனியாகவே பழகினேன். நெற்றி உயரத்துக்கு ஒரு மூங்கில் கம்பு. அலுவலகம் கிளம்புமுன் முக்கால் மணி நேரம். கணவர் துபாயில் இருக்கும் கீழ்வீட்டு அக்கா துணி காயப்போட வரும்போது, சிலசமயம் வாளியோடு நின்று பார்ப்பார்.

"தினம் காத்தப் போட்டு இந்த அடி அடிக்கிறீங்களே, அது ஒங்கள என்னங்க பண்ணுச்சு?"

நான் சமூகப்பணி படித்தவள். எதையும் பத்து முறை யோசித்தே தொடங்குவேன் என்று என்னைக் கேலி செய்யும் கல்லூரித் தோழி, மீனவர் ஊரான பட்டினச்சேரியில் மாலைப் படிப்பகம் நடத்துகிறாள். அங்கே வரும் பெண்பிள்ளைகள் வீடு திரும்பும் சாலையில் சிலர் பைக்கில் வந்து வழிமறித்துக் கேலி பேசத் தொடங்கியிருந்தார்கள். பிள்ளைகளை இனி அனுப்புவதில்லை என்று தாய்மார்கள் சொல்லவே, அந்தப் பெண்பிள்ளைகளுக்குச் சிலம்பம் கற்றுத்தர முடியுமா என்று தோழி என்னிடம் கேட்டாள். வம்பு செய்கிறவனை விட்டுவிட்டு, வம்புக்கு ஆளாகிறவளின் கையில் கம்பைக் கொடுப்பது சரியா என்ற கேள்வி எனக்கு இருந்தது. ஆனால் படிப்பு நின்றுபோவது அதைவிடப் பெரிய இழப்பு. ஒப்புக்கொண்டேன்.

வகுப்புக்கு முந்தைய நாள், படிப்பகத்தின் பின்னால் இருந்த மணல்திடலைப் பார்க்கப் போனோம். தோழி, வலை காயப்போடும் கழி ஒன்றை எடுத்துக்கொண்டு எதிரே நின்றாள். அவள் கம்பு பிடித்துப் பழகியவள் அல்ல.

"சும்மா வீசுறேன், தடு பாப்போம்."

முதல் வீச்சே என் வலது தோளில் விழுந்தது.

"அய்யய்யோ, நீ தடுத்துடுவேன்னுல்ல நெனச்சேன்!"

மறுபடி வீசச் சொன்னேன். இடப்பக்கம் வந்ததைத் தடுத்துவிட்டேன். வலப்பக்கம் வந்தது மீண்டும் தோளிலேயே விழுந்தது.

"ஏன்டி, அந்தப் பக்கம் மட்டும் பாதியிலயே நிறுத்திக்கிற? அங்க யாரு நிக்கிறா?"

தனியாகச் சுழற்றிப் பார்த்தேன். அவள் சொன்னது உண்மை. வலப்புறம் கம்பு முழு வட்டம் போகாமல் உள்ளே மடங்கியது. மாடியில் அந்தப் பக்கம்தான் தண்ணீர்த் தொட்டி இருந்தது. பழகத் தொடங்கிய வாரத்தில் கம்பு பட்டு அதன் குழாய் உடைந்தது. அன்றிலிருந்து என் கை தானாகவே அதைத் தவிர்த்து வந்திருக்கிறது. எதிரில் ஆள் இல்லாததால், அந்தக் குறையையே முறை என்று நம்பியிருக்கிறேன்.

தோள்வலி எனக்குப் பெரிதாகப் படவில்லை. இது தெரியாமல் வகுப்பைத் தொடங்கியிருந்தால், பன்னிரண்டு பிள்ளைகள் என் கையைப் பார்த்து அதே பாதி வீச்சைப் பழகியிருப்பார்கள். ஒன்றும் தெரியாத பெண் ஆபத்தைக் கண்டால் ஓடிவிடுவாள். தெரியும் என்று நம்புகிறவள் நின்றுவிடுவாள். அவளை நிற்கவைத்தவள் நானாக இருந்திருப்பேன். நாளை வகுப்பு வேண்டாம் என்றேன்.

"சரி பண்ணிக்கிட்டுச் சொல்லிக்குடேன்," என்றாள் தோழி. "நாளைக்குன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்டி. இப்ப இல்லன்னா பொண்ணுங்கள நிறுத்திடுவாங்க."

"நானே அவங்ககிட்ட பேசுறேன்."

மறுநாள் தாய்மார்களிடம் உள்ளதைச் சொல்லி, நல்ல ஆசான் கிடைக்கும்வரை வகுப்பு வேண்டாம் என்றேன். மீன் விற்றுவிட்டு நேராக வந்திருந்த ஓர் அம்மா கேட்டார்:

"அப்ப ஒங்களுக்கு ஒரு பக்கந்தான் தெரியுமா?"

"ஆமாங்க. இடது பக்கம்."

"அப்ப வம்பு பண்றவன்கிட்ட, இந்தப் பக்கமா வாடான்னு சொல்லணுமா எம் புள்ள?"

எல்லோரும் சிரித்தார்கள். கூச்சத்தோடு நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும் அந்த அம்மாவே, "அதுவரைக்கும் மொற போட்டு நாமளே கூட்டியாருவோம்" என்றார். முறையாகப் பயின்ற ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம். கிடைத்தால் நானும் பிள்ளைகளோடு வரிசையில் நிற்பேன்.

பதினொரு பேருக்குத் துணை அமைந்தது. பன்னிரண்டாமவளின் வீடு வேறு திசையில் இருந்தது; அவள் தாய்க்கு மாலையில்தான் வேலை. "வேணாங்க, வீட்டுலயே இருக்கட்டும்" என்று நிறுத்திவிட்டார். நான் வாய் திறக்காமல் வகுப்பைத் தொடங்கியிருந்தால் அவளும் வந்திருப்பாள் என்பது எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டுக்கு இரண்டு முறை போய்ப் பேசினேன். இப்போது அலுவலகம் முடிந்ததும் பட்டினச்சேரிக்குப் பேருந்து ஏறி, படிப்பகத்திலிருந்து அவளை வீடுவரை நானே கொண்டுபோய் விடுகிறேன். வழியெல்லாம் தனக்குப் பிடிபடாத இயற்கணிதத்தைப் பற்றியே பேசுகிறாள்.