'உபயம்'னு எங்கன எழுத?

போன வாரம் செல்லையா அண்ணாச்சி காலில் ஆணி குத்திவிட்டது. அதுவும் சொந்தக் கடை ஆணி!

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் இரும்புக் கடை வைத்திருப்பவர் அவர். ஊசி என்றாலே குலை நடுங்கும். அன்றைக்கோ புது வேட்டி கட்டிக்கொண்டு, என்னை ஸ்கூட்டரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னார்.

"நம்ம இசக்கி அங்கனதானவே நர்ஸா இருக்கா!"

இசக்கி கதையை உங்களிடம் சொன்னதே இல்லை, இல்லையா?

ஆழ்வார்திருநகரிப் பக்கத்துப் பெண். அப்பா வாழைத்தார் சுமப்பவர். சில வருஷத்துக்கு முன் ப்ளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கினாள், நர்ஸிங் சீட்டும் கிடைத்தது. ஃபீஸ்? அதற்குத்தான் வழியில்லை. அந்த வாரத்துக்குள் கட்டாவிட்டால் சீட் போய்விடும். அவளுக்கு டீச்சராக இருந்த என் மனைவி என்னை விரட்ட, நான் அண்ணாச்சியிடம் ஓடினேன்.

"குடுக்கேன்வே. முழுப் படிப்புக்கும் குடுக்கேன். ஆனா ஒரு சந்தேகம். கோயிலுக்கு ட்யூப் லைட் குடுத்தா அதுல பேரு எழுதுதோம். ஃபேன் குடுத்தா றெக்கையில எழுதுதோம். ஒரு புள்ளைய படிக்க வச்சா 'உபயம்'னு எங்கன எழுத?"

கேலி இல்லை... நிஜமாகவே கேட்டார்!

நம் கோயில் ட்யூப் லைட்டைப் பார்த்திருப்பீர்கள்தானே? கொடுத்தவர் பெயர், அவர் அப்பா பெயர், கடைப் பெயர் — எழுத்துக்கு நடுவே மிச்சமிருக்கும் சந்தில்தான் வெளிச்சம் வரும். கொடுக்க நமக்கு மனசு உண்டு. கொடுத்ததைச் சொல்லாமல் இருக்கத்தான் மனசு வருவதில்லை.

அவள் காலேஜ் பையில் அச்சடிக்கலாம் என்றார் — கடை செல் நம்பரோடு! எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. காட்ட முடியுமா? சீட் போய்விடுமே.

இசக்கியையே நேரில் கூட்டிப்போனேன். பை விஷயத்தைக் கேட்டதும் முகம் சுண்டிப்போயிற்று. கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"பேரு கண்டிப்பா எழுதுவோம் அண்ணாச்சி. ஆனா நான் படிச்சி நர்ஸான பெறவு, நானே எழுதுதேன். எங்கன எழுதணும்ங்கது என் இஷ்டம்."

அண்ணாச்சி வியாபாரியல்லவா... பேரம் பேசத் தெரிந்த பிள்ளையைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. மறுநாளே ஃபீஸ் கட்டினார்.

ஆக, போன வாரம். வெள்ளை யூனிஃபார்மில் இசக்கி வந்து நின்றாள். அண்ணாச்சி அதற்குள் பக்கத்துக் கட்டில்காரரிடம், "நாந்தான் படிக்க வச்சேன்" என்று ஆரம்பித்திருந்தார்.

"திரும்பிப் படுங்க அண்ணாச்சி. வேட்டிய கொஞ்சம் எறக்குங்க."

ஊசி இடுப்பில்! "எம்மா..." என்று ஓர் அலறல். இசக்கி அகலமாகப் பிளாஸ்திரி வெட்டினாள். பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து அதில் ஏதோ எழுதி, ஊசி போட்ட இடத்தில் ஒட்டினாள்.

"சொன்ன சொல்ல காப்பாத்திட்டேன் அண்ணாச்சி" என்று சிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

"என்னவே எழுதிருக்கா? வாசியும்!"

வாசித்தேன். "உபயம்: செல்லையா அண்ணாச்சி."

அண்ணாச்சி கழுத்தைத் திருப்பிப் பார்த்தார், எட்டவில்லை.

"எழுத்து பெருசா இருக்காவே?"

சிரித்தார். கண்ணையும் துடைத்துக்கொண்டார். அது ஊசியால் வந்த கண்ணீர் இல்லை என்று எனக்குத் தெரியும். இப்போது கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் இந்தக் கதைதான். சொல்ல முடிகிறது, காட்டத்தான் வழியில்லை.

வருகிற வருஷத்துக்கும் ஒரு பிள்ளையைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். ஒரே கண்டிஷன் — நர்ஸிங் மட்டும் வேண்டாமாம்!